தன் கையே தனக்கு உதவி

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள், உலகின் பல நாடுகளில் கணிப்பொறிகள் ஒருசேரச் செயலிழந்தன. பகைவர் எவரும் படையெடுத்து வந்திலர். கணிப்பொறிகளைக் காப்பதற்கென அமைந்த மென்பொருள் ஒன்றில் நேர்ந்த சிறு பிழையே ஏறத்தாழ 85 இலட்சம் பொறிகளை முடக்கிவிட்டது. அன்று நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில், பயணிகள் ஏறுவதற்குரிய சீட்டுகளைப் பணியாளர்கள் பேனாவினால் எழிதிக் கொடுத்தனர் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ஆயினும் அது நிகழ்ந்தது. வானில் பறக்கும் ஊர்திக்கும் மனிதனின் கையெழுத்தே அன்று துணை நின்றது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், ஸ்பெயின், போர்த்துகல் ஆகிய இரு நாடுகளிலும் நண்பகலில் மின்னோட்டம் அற்றுப்போயிற்று. தொடர்வண்டிகள் வழியிடையே நின்றன. அட்டையைக் காட்டிப் பொருள் வாங்கிப் பழகியவர்கள் கடை வாயிலில் திகைத்தனர். கையில் நாணயமும் பணத்தாளும் வைத்திருந்தோர் வேண்டியதை வாங்கிச் சென்றனர். மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டிக்கு அன்று தனி மதிப்பு உண்டாயிற்று.

அயல்நாட்டை விடுவோம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ‘கஜா’ப் புயல் வேதாரணியத்திற்கு அருகே கரை கடந்தபொழுது, ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சிற்றூர்கள் பல, வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. காவிரி பாயும் நாட்டிலேயே, மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற ஜெனரேட்டர்களை வரவழைக்க வேண்டியதாயிற்று. நிலத்தடியில் நீர் இருந்தது. அதனை மேலே கொணரும் வழிதான் இல்லை.

மாணவர்களே! இந்நிலையை நம் தருமபுரி மாவட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். இது தகடூர் என்னும் பழம்பெயர் பெற்ற நாடு. அதியமான் ஆண்ட நாடு. மழை குறைந்த மேட்டு நிலம். இங்கே முன்னோர் அகன்ற கிணறுகளை வெட்டினர். கவலை பூட்டி எருதுகளைக் கொண்டு நீரிறைத்தனர். மாடு இல்லாத வீட்டார்க்குக் கயிறும் குடமும் இருந்தன. பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. அவை ஆழமாகிக்கொண்டே சென்று, சில இடங்களில் ஆயிரம் அடியையும் கடந்தன. கைப்பம்பு ஏறத்தாழ 150 அடி ஆழத்திலிருந்து நீரைத் தரவல்லது; அதற்கும் கீழே போய்விட்ட நீரை மின்பொறியன்றி வேறெதுவும் எளிதில் எட்டாது. ஆழ்துளைக் கிணற்றின் வாய் ஒரு சாண் அகலமும் இராது. அதில் எந்தக் குடத்தை இறக்குவது? எத்தனை முழம் கயிறு இருந்துதான் என்ன பயன்?

இதனால் பொறிகளைப் பழிப்பதே என் நோக்கம் என்று கொள்ளற்க. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு மிகுந்துள்ளது. அந்நீரைப் பல்லாண்டு பருகியோர்க்குப் பல் கறைபடும்; எலும்பும் வளையும். இக்கேட்டைத் தீர்க்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்று, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீரை மேட்டுக்கு ஏற்றி நமக்கு வழங்குவது மின்சாரமே. முன்னோரின் கயிறும் குடமும் இந்நோயைத் தடுக்க வல்லவை அல்ல. ஆயினும் கூரையில் விழும் மழைநீரில் ஃபுளூரைடு இல்லை என்று சொல்லலாம். அதனைத் தூய்மையாகத் தேக்கி வைத்த வீட்டார், குழாய் வற்றிய நாளில் பழைய நஞ்சை நாடிச் செல்ல வேண்டுவதில்லை.

உணவைப் பற்றியும் சிறிது கூறுவேன். கேழ்வரகு நம் மண்ணுக்கு உரிய தவசம். குறைந்த நீரில் விளையும். எளிதில் வண்டு பற்றாது. நன்கு உலர்த்திக் குதிரில் இட்டுவைத்தால் ஆண்டுகள் பல கெடாதிருக்கும். அதனைக் காக்கக் குளிர்ப்பெட்டி வேண்டுவதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதன் முப்பதில் ஒரு பங்கும் இல்லை. என் பாட்டியார் வைகறையில் எழுந்து திரிகையில் கேழ்வரகு அரைப்பார். அந்த ஒலியில்தான் நாங்கள் கண் விழிப்போம். அத்திரிகையின் மேற்கல், இன்று என் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது. பிறரைக் குறை கூறும் எனக்கும் இக்குற்றத்தில் பங்கு உண்டு.

குதிர் நிறைந்திருப்பினும், அரைக்கத் தெரிந்த கை வேண்டும். மருந்து இருப்பினும், அதனை இடத் தெரிந்த கை வேண்டும். இதனை விளங்கக் காட்டும் ஊர் அரூருக்கு அப்பாலுள்ள சிட்டிலிங்கி. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட அப்பள்ளத்தாக்கில், மலையாளி என்னும் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழ்கின்றனர். 1993-இல் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவர்தம் துணைவியார் மருத்துவர் லலிதாவும் அங்குச் சென்று, கூரை வேய்ந்த ஒரு குடிலில் மருத்துவம் செய்யத் தொடங்கினர். அந்நாளில் அங்குப் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. பெரிய மருத்துவமனையோ நெடுந்தொலைவில் இருந்தது.

அவ்விருவரும் தாங்கள் மட்டும் உழைத்து ஓய்ந்தாரல்லர். அவ்வூர்ப் பெண்களுக்கே செவிலியர் பணியைப் பயிற்றினர். சிற்றூர்தோறும் நலப்பணி செய்வோரை உருவாக்கினர். குழந்தைச் சாவு பன்மடங்கு குறைந்தது. பின்னர் உழவர்கள் ஒன்றுகூடி இயற்கை உழவர் சங்கம் அமைத்துச் சிறுதானியங்களைப் பயிரிட்டனர். இவர்கள் யாரும் மின்தடையை எண்ணி இவற்றைச் செய்தவர் அல்லர். ஆயினும் பாதை அடைபட்டு, கம்பி அறுந்த ஓர் இரவில் அவ்வூரில் ஒரு தாய்க்கு நோவு கண்டால், நடந்து வந்து கதவைத் தட்டுவதற்கு ஒரு செவிலி உண்டு. அவ்வாறு வரத்தக்கவர் நம் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு விரலும் மடங்கவில்லை.

லம்பாடிப் பெண்களின் பூவேலையும் அப்பள்ளத்தாக்கில் மறைந்துபோகும் நிலையில் இருந்தது. தையல் முறையை முழுதும் அறிந்தவர்கள் முதிய பெண்கள் சிலரே. கண்ணொளி மங்குமுன் அவர்கள் இளையோரை அருகில் அமர்த்திக் கற்பித்தனர். அப்பெண்கள் தம் கூட்டமைப்புக்குப் ‘போர்கை’ என்று பெயரிட்டனர். அவர்கள் மொழியில் அது பெருமிதத்தைக் குறிக்கும் சொல். அவர்கள் தைத்த துணிகள் இன்று தொலைவிலுள்ள நகரங்களுக்கும் செல்கின்றன. ஊசியில் நூல் கோக்கப் பகலொளி போதும்.