அண்டை மொழி பேசும் பேய்: 'சந்திரமுகி' மறுவாக்கம் பற்றி ஓர் ஒப்பாய்வு

ஒரு நூலுக்கு ஏடுகள் பல கிடைக்கும்பொழுது அவற்றை அருகருகே வைத்துப் பாடவேறுபாடு காண்பது தமிழாசிரியர்க்குப் பழகிய பணியாகும். ஓர் ஏட்டில் ஒரு சொல் மாறியிருப்பின், அஃது ஏன் மாறிற்று என்று வினவுகிறோம். ஒரே கதை மொழிக்கு மொழி திரைப்படமாக மறுவாக்கம் பெறும்பொழுதும் அதே வினாவை எழுப்ப நமக்கு உரிமையுண்டு. துறை மலரில் பேய்ப்படத்திற்கு என்ன வேலை எனப் பெரியோர் சிலர் கேட்கக்கூடும். நாம் எடுத்துக்கொண்ட கதை, பேய் பிடித்ததாகப் பிறர் கருதும் ஒருத்திக்கு உற்றது உளநோயே என்று சொல்லும் கதை. மாண்டவர் உயிர் இறைவனிடம் மீண்டுவிட்டது என்று நம்பும் நமக்கு அதில் இடறல் ஏதுமில்லை.

அக்கதை முதலில் மலையாளத்தில் 1993-இல் 'மணிச்சித்திரத்தாழ்' என வெளிவந்தது. மது முட்டம் எழுத, ஃபாசில் இயக்கினார். 'பூவே பூச்சூடவா', 'வருசம் 16' ஆகிய படங்களால் ஃபாசில் தமிழர்க்கும் அறிமுகமானவர். பூட்டிய மாளிகையொன்றில், பண்டு கொலையுண்ட நடனமாது ஒருத்தியின் கதையைக் கேட்கும் கங்கை என்னும் இளம் மனைவி, மெல்ல மெல்லத் தன்னையே அந்நடனமாதாக எண்ணத் தலைப்படுகிறாள். உளவியல் மருத்துவர் ஒருவர் அவளைக் குணப்படுத்துகிறார். கங்கையாக நடித்த ஷோபனா அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார்.

அந்நடனமாது யார்? பெயர் நாகவல்லி, ஊர் தஞ்சாவூர், மொழி தமிழ். கங்கையாக இருக்கும்வரை மலையாளம் பேசுபவள், நாகவல்லியாக மாறியதும் தமிழ் பேசுகிறாள். அவளது ஆடற்பாட்டின் தமிழ் அடிகளைக் கவிஞர் வாலி எழுதினார். மலையாள அரங்குகளில் மக்களை நடுங்கச் செய்த குரல் நம் தாய்மொழியின் குரல் என்பதை முதன்முறை அறியும் தமிழ் மாணவர்க்குச் சிறிது வியப்பும் சிறிது வருத்தமும் தோன்றுவது இயல்பே.

வருந்துவதற்கு முன் அடுத்த ஏடுகளையும் புரட்டுவோம். பி. வாசு இக்கதையைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) என்றும், தமிழில் 'சந்திரமுகி' (2005) என்றும் ஆக்கினார். இரண்டிலும் நடனமாது தெலுங்குப் பெண்ணானாள். தமிழ்ப் படத்தில் வேட்டையபுரம் அரண்மனைக்கு அவளைக் கவர்ந்து வருபவன் வேட்டைய மன்னன். அவள் காதலனைக் கொன்று அவளையும் எரிக்கிறான். ஜோதிகா கண்ணை உருட்டி ஆடும் அப்பாடல் தெலுங்கில் அமைந்தது. 'பூல் புலையா' (2007) என இந்தியில் பிரியதர்ஷன் ஆக்கியபோது நடனமாது வங்காளியானாள். இவை அனைத்தினும் நாம் ஊன்றி நோக்கவேண்டியது 'சந்திரமுகி'யின் தெலுங்கு மொழிமாற்றுப் படமே. தமிழில் தெலுங்காக இருந்த பாடலை அங்கு அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை, அதைத் தமிழாக்கினர். ஆக, எந்த மொழி அச்சம் தருவது என்பது அம்மொழியின் இயல்பில் இல்லை. பார்ப்பவன் வீட்டு மொழியாக அஃது இருக்கலாகாது; முற்றும் அறியாத மொழியாகவும் இருக்கலாகாது. அடுத்த வீட்டு மொழியாக இருத்தல் வேண்டும்.

இம்மாற்றங்கள் வரலாற்றுக்கு முரணானவை அல்ல. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையை அணிசெய்தவர். எனவே தஞ்சை நடனம் மலையாள நாட்டு மாளிகையில் ஒலிப்பது பொருந்தும். 17-ஆம் நூற்றாண்டில் க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களைத் தஞ்சை விசயராகவ நாயக்கர் அவை போற்றியது. தலைவனை அழைத்துத் தெலுங்கில் பாடி ஆடுதல் தமிழ் மேடைக்குப் புதிதன்று. ஆயினும் அவைகளில் கலையாகப் போற்றப்பெற்ற மொழி, திரையில் அச்சத்தின் அடையாளமாகக் குறுகியது என்பதை மறுக்க இயலாது.

இவ்வினா வேறெங்கும் விட விருதுநகர்ச் சீமையில் கூர்மை பெறுகிறது. இங்கே தெலுங்கு எல்லைக்கு அப்பாலுள்ள மொழியன்று. இராசபாளையம் தொடங்கிச் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வரை கரிசற்காட்டு ஊர்களில் பல தலைமுறைகளாகத் தெலுங்கு வீட்டுமொழியாக வாழ்கிறது. பட்டாசு ஆலைக்குச் செல்லும் பேருந்தில் இரு மொழியும் கலந்தே ஒலிக்கின்றன. தாயிடம் தெலுங்கில் பேசிவிட்டு வந்து, வகுப்பில் சங்கப்பாடலை நம்மினும் செம்மையாக ஒப்பிக்கும் மாணவியரை நாம் அறிவோம். 'சந்திரமுகி'யின் பாட்டிற்கு அரங்கமே உறையும்பொழுது அம்மாணவிக்கு அதன் சொற்கள் பாட்டி அழைக்கும் சொற்களாகவே கேட்டிருக்கும்.

இந்நிலையை உணர்த்த நமக்கு வேறு எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, கரிசல் தமிழுக்கு இலக்கியத் தகுதி தேடித்தந்த கி. ராஜநாராயணன் 1976-இல் 'கோபல்ல கிராமம்' நாவலை வெளியிட்டார். தெலுங்குக் குடிகள் தெற்கே வந்த கதையை அது சொல்கிறது. அவர்கள் ஊர்விட்டு ஓடக் காரணம், தம் பெண்ணை விரும்பிய 'துலுக்க ராஜா'மீது கொண்ட அச்சம். அப்பகுதியை வாசிக்கும் முஸ்லிம் மாணவன் ஒரு கணம் தயங்குவான். வாசிப்பை விட்டுவிடுக என்று நாம் சொல்வதில்லை. புலம்பெயர்ந்தோர் தம் முதியோர் வாய்வழி காத்த நினைவை ஆசிரியர் பதிவு செய்தார். அதனைப் பகையாகக் கொள்ளல் தகாது. ஆனால் அத்தயக்கமும், அரங்கிலிருந்த அம்மாணவியின் சங்கடமும் ஓரினத்தவையே. ஒருவர் கதையில் அஞ்சப்படுபவர், மற்றொருவர் வீட்டில் பாட்டனாராகவோ பாட்டியாராகவோ இருக்கிறார்.

மற்றொன்றையும் ஒப்பிடலாம். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணி மூளி அலங்காரியால் அவமதிக்கப்பட்டு, ஏழு குழந்தைகளுடன் கிணற்றில் மாண்டவள் எனக் கதைப்பாடல் கூறும். அவளும் நெறிகெட்டோரால் அழிந்தவளே, சந்திரமுகியும் அவ்வாறே. ஒருத்தியை நாட்டார் மரபு தெய்வமாக்கி ஊரில் இருத்திக்கொண்டது. மற்றவளைத் திரைப்படம் மாளிகையிலிருந்து வெளியேற்றப் பாடுபடுகிறது. நம் மொழியில் அழுதவளுக்குக் கோயிலும், பிறமொழியில் அழுதவளுக்குப் பூட்டிய அறையுமா என்று கேட்கத் தோன்றுகிறது. இஃது எல்லாக் கதைகளுக்கும் பொருந்தும் விதியென்று நாம் கொள்ளவில்லை. ஆராயத்தக்க ஐயம் என்ற அளவிலேயே வைக்கிறோம்.

வேட்டையபுரம் என்னும் கற்பனைப் பெயரைக் கேட்குந்தோறும் நமக்கு எட்டயபுரம் நினைவிற்கு வருகிறது. ஒலி ஒப்புமை தவிர வேறு சான்று நம்மிடம் இல்லை. எனினும் அந்த உண்மையான எட்டயபுரத்தில் தெலுங்கு மரபினரான எட்டப்ப மன்னர் அவையில் இருந்தவர் உமறுப்புலவர். அவர் அடங்கியிருப்பதும் அவ்வூரிலேயே. 5027 பாடல்களாலான சீறாப்புராணத்தில் அவர் செய்ததும் ஒருவகை மறுவாக்கமே. அரபு நாட்டு வரலாற்றைத் தமிழில் தரும்போது மழையும் ஆறும் வயலுமாக அந்நாட்டைத் தமிழ் நிலமாகவே நாட்டுப்படலத்தில் பாடினார். கடல்கடந்த தேயம் இங்குள்ளோர்க்கு அயலாகத் தோன்றவில்லை. திரைப்படம் அடுத்த வீட்டுக்காரியை அயலாளாக்கிற்று. மறுவாக்கம் என்னும் ஒரே கருவி இவ்விருவகையாகவும் பயன்படுவதை மாணவர்கள் இவற்றை அடுத்தடுத்துப் படித்தால் தெளிவர்.

இளங்கலை, முதுகலை மாணவர்க்கு ஒரு களப்பணியை இங்கு முன்வைக்கிறோம். விடுமுறையில் சாத்தூர், திருத்தங்கல், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் தத்தம் பாட்டிமாரிடம் பேய்க்கதைகளைக் கேட்டு எழுதுக. பேய் இறக்கும் முன் யாராக இருந்தது, எவர் கையால் மாண்டது, எம்மொழியில் பேசிற்று என்னும் மூன்றையும் குறித்துக்கொள்க. தமிழ் பேசும் வீட்டுக் கதைகளையும் தெலுங்கு பேசும் வீட்டுக் கதைகளையும் தனித்தனியே தொகுத்து, உருது பேசும் வீடுகள் இருப்பின் அவற்றையும் சேர்த்துத் துறையில் ஒப்படைக்கவும்.