பிளக் பொருந்தினால் போதுமா?

மின்சார சைக்கிளும் ஸ்கூட்டரும் இப்போது மோட்டார் உதிரிப்பாகக் கடைகளிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. எமது கடையிலும் உண்டு. இவற்றை விற்போர் அறிந்திருக்க வேண்டிய பாதுகாப்பு விடயங்களை நான் பட்ட பாட்டிலிருந்தே தொடங்குகின்றேன்.

சார்ஜர் பழுதாகிவிட்டதென்று வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். நான் கடையில் இல்லை. பொடியன், பிளக் பொருந்துகின்றதா என்று மட்டும் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டான். மறுநாள் காலையில் தொலைபேசி. "நானா, பற்றரிப் பெட்டியத் தொட ஏலாது, மூடியும் வளஞ்சி பெய்த்து" என்றார் அவர். இரவு விறாந்தையில் சார்ஜ் போட்டிருக்கின்றார். பிள்ளைகள் உள்ளே தூங்கியிருக்கின்றனர்.

அவருடையது 36 வோல்ட் லிதியம் பற்றரி. 10 செல்கள் தொடராக இணைக்கப்பட்டது. அதற்கு 42 வோல்ட் சார்ஜர் வேண்டும். கொடுக்கப்பட்டதோ 48 வோல்ட் பற்றரிக்குரிய 54.6 வோல்ட் சார்ஜர். இரண்டுக்கும் பிளக் ஒன்றுதான். 4.2 வோல்ட்டுடன் நிற்க வேண்டிய செல் இதனால் 5 வோல்ட்டைத் தாண்டக்கூடும். உள்ளேயுள்ள கட்டுப்பாட்டுப் பலகை மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மலிவான பற்றரிகளில் அதை நம்பியிருக்க முடியாது. பொடியனை ஏசிப் பயனில்லை. சார்ஜர்களில் வோல்ட் அளவைப் பெரிதாக எழுதி ஒட்டாதது எனது பிழை.

லிதியம் அயன் பற்றரியில் ஒரு செல் அளவுமீறிச் சூடேறினால் அந்தச் சூடே அடுத்த செல்லையும் பற்ற வைக்கும். எரியக்கூடிய நச்சுவாயுவும் வெளிவரும். அணைந்ததென்று நினைத்த பின்னரும் மீண்டும் எரியலாம். ஈய அமிலப் பற்றரி இப்படி எரிவதில்லை. ஆயினும் சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமற்ற அறை அதற்கும் ஆகாது. ஒன்றின் சார்ஜரை மற்றதற்குப் போடவும் கூடாது.

நியூயோர்க் நகரம் இதற்குப் பெரும் விலை கொடுத்தது. 2023 ஜூன் 20 நள்ளிரவுக்குப் பின்னர், அங்குள்ள சைனாடவுனில் மின்சார சைக்கிள் கடையொன்றில் தீப்பற்றியது. கீழே கடை, மேலே குடியிருப்பு. நால்வர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் மட்டும் அந்நகரில் இத்தகைய பற்றரிகளால் 268 தீ விபத்துக்கள், 18 மரணங்கள். 2024இல் தீ விபத்துக்கள் 277. மரணங்களோ 6 ஆகக் குறைந்தன. கட்டடங்களுக்கு வெளியே எரிந்தவை அவ்வாண்டில் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்நகரச் சட்டம் பொறுப்பை விற்பவர் மீதே சுமத்தியது. 2023 செப்டெம்பர் 16 முதல் மின்சார சைக்கிளுக்கு யூ.எல். 2849, ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு யூ.எல். 2272, பற்றரிக்கு யூ.எல். 2271 என்ற தரச்சான்று இல்லாமல் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. பழைய பற்றரியின் செல்களைப் பிரித்துப் புதிய பற்றரி கட்டி விற்பதையும் இன்னொரு சட்டம் தடுத்தது.

"நாம் நியூயோர்க்கிலா கடை வைத்திருக்கின்றோம்?" என்று கேட்கலாம். சரிதான். ஆனால் கீழே கடையும் மேலே குடும்பமுமாக வாழ்வோர் எம்மிலும் எத்தனை பேர்!

இறக்குமதி செய்வோர் விலை பேசுமுன் யூ.என். 38.3 சோதனைச் சுருக்கத்தைக் கேளுங்கள். லிதியம் பற்றரியைக் கப்பலிலோ விமானத்திலோ அனுப்புவதற்கான சோதனை அது. 2020 முதல் உற்பத்தியாளரும் விநியோகஸ்தரும் அதைத் தர வேண்டும் என்பது விதி. தரத் தயங்குபவரிடம் மலிவு விலைக்கு மயங்க வேண்டாம். சி.ஈ. முத்திரை பெரும்பாலும் உற்பத்தியாளர் தாமே கூறிக்கொள்வது, யூ.எல். சான்றுக்கு அது ஈடாகாது.

எமது கடையில் இப்போது ஆளிருக்கும் பகல் நேரத்தில் மட்டுமே சார்ஜ். மாடிப்படிக்குக் கீழே வண்டியோ பற்றரியோ வைப்பதில்லை. ஒரே நீட்டிப்பு வயரில் நாலைந்து சார்ஜர்களைச் செருகுவதுமில்லை. விழுந்த, நனைந்த, சூடேறுகின்ற பற்றரி திரும்பி வந்தால் அது கடைக்குள் நுழையாது. பின்முற்றத்தில், எரியும் பொருட்களுக்கு எட்டத்தில் வைக்கப்படும்.

அந்த வாடிக்கையாளருக்கு எனது செலவில் புதிய பற்றரி கொடுத்தேன். இலாபம் போனது. பழையதைத் திறந்து நல்ல செல்களை எடுத்துத் தருவதாகப் பழுது பார்ப்பவர் ஒருவர் விலை பேசினார். நான் கொடுக்கவில்லை.