ஒரு சொல், இரு பொருள்

சங்கரன்கோவில் தோப்புகளில், முதுகில் மூன்று கோடுகளையுடைய அணில்கள் துள்ளித் திரிகின்றன. இவற்றைக் கண்ட ஒருவர், "அணில்கள் எங்கும் மலிந்துள்ளன, இராசபாளையத்திற்கு அப்பால், திருவில்லிபுத்தூர் மலைக்காட்டில் 1988-ஆம் ஆண்டு அணிலுக்கெனச் சரணாலயம் அமைத்தது வீணன்றோ?" என வினவக்கூடும்.

வாதம் செம்மையானதுபோலவே தோன்றும். ஆயின், 'அணில்' என்னும் சொல் அதில் இரு பொருள்பட வழங்குகின்றது. சரணாலயம் காப்பது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமன்றி வேறெங்கும் இயற்கையில் வாழாத சாம்பல் நிற மலையணிலை. தோப்பு அணில்களை ஆயிரமாயிரமாக எண்ணினும், மலையணிலின் தொகையில் ஒன்றுகூட மிகாது. உருவிற் பெரிய அவ்வணில் கிளைவிட்டுக் கிளை தாவியே இரை தேடும். இடையிலுள்ள மரங்கள் வெட்டப்படின், அது நிலத்தில் இறங்கியே மறுமரம் சேர வேண்டும். அவ்வேளையில் பகைவிலங்கிற்கு இரையாதலும் கூடும்.