கோடையில் கோழியின் தாகம்

நம் அங்கத்தினர்களில் தறி வீட்டாராயினும் தோட்டத்தாராயினும் நாலைந்து கோழி வளர்க்காதவர் சிலரே. சரவணம்பட்டிப் பகுதியில் பங்குனி, சித்திரை மாதங்களில் நண்பகல் உஷ்ணம் 37 டிகிரி சென்டிகிரேடை எட்டுவதுண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வரும்வரை வெக்கை நன்கு தணிவதில்லை. காலையில் நன்றாக மேய்ந்த கோழி மாலையில் மடிந்து கிடப்பது இந்நாட்களில்தான். நோயென்று கருதப்படும் இச்சாவுகளில் சில தாகத்தால் நேர்வன.

கோழியின் உடல் உஷ்ணம் இயல்பாகவே 41 முதல் 42 டிகிரி வரை இருக்கும். 47 டிகிரியை நெருங்கினால் உயிர் தங்காது. அதற்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. கொண்டை, தாடி, கால்கள் வழியே ஓரளவு வெப்பம் வெளியேறும். ஆனால் காற்றே சுடும்போது அது போதாது. ஆகவே கோழி வாயைத் திறந்து இரைக்கிறது. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விப்பது போல, வாயிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. பானையில் நீர் வற்றினால் குளிர்ச்சி ஏது?

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். இரைக்காத கோழி சுகமாக இருக்கிறது என்று எண்ணுகிறோம். நீர் வற்றிய கோழியோ, எஞ்சிய ஈரத்தைக் காக்கும்பொருட்டு, இரைப்பதைத் தாமதிக்கிறது. அதுவரை உடற்சூடு ஏறிக்கொண்டே போகிறது. எனவே வெறுந்தொட்டியின் அருகே வாய்மூடி நிற்கும் கோழியைக் கண்டு நிம்மதி கொள்ளலாகாது. நாய்க்கு அஞ்சி நடுப்பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு, உள்ளே நீர் வைக்க மறப்பவர் நம்மில் எத்தனை பேர்!

சாதாரண நாளில் கோழி தின்னும் தீனியின் எடையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு நீர் பருகும். கோடையில் இன்னும் மிகுதியாகப் பருகும். தொட்டியை நிழலில் வைத்து நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். வெயிலில் காய்ந்த தகரத்து நீரைக் கோழி விரும்புவதில்லை. தீனி செரிக்கும்போதும் உடலில் சூடு பிறப்பதால், அதை விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும் இடுவது உத்தமம். மிகுதியாக இரைக்கும் பெட்டைகளின் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, முட்டையோடு மெலிந்துவிடும்.

கொட்டகைக் கூரையை நனைப்பது நன்று. ஆனால் பக்கங்களை அடைத்து உள்ளே நீர் தெளித்தல் தவறு. மூட்டமான நாளில் கஞ்சியிட்ட பாவு உலராதிருப்பதை நெசவாளர் அறிவர். அவ்வாறே ஈரக்காற்றில் கோழி எவ்வளவு இரைத்தாலும் நீர் எளிதில் ஆவியாகாது. காற்று இப்புறம் நுழைந்து அப்புறம் போகட்டும்.