பஸ்ஸே கதியாக இருக்கும் மகளுக்கு

பாலசமுத்திரம்

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது.  பெரியம்மாவுக்கு முட்டிவலி இன்னும் விட்டபாடில்லை.

நேற்று போனில் உன் அம்மா பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். ஆபீஸில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் உனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம். மூன்று மாதச் சராசரி 6.1. "இன்னும் நோய் இல்லையாம் மாமா" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை சாமி. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல் உன்னைப் போல எல்லையில் நிற்கிறார்கள் என்று 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லியது. எல்லையில் நிற்பவர்கள் எல்லோரும் தாண்டிவிடுவதில்லை, திரும்பியும் வரலாம். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை ஓசூர், புதன்கிழமை திருநெல்வேலி, வெள்ளிக்கிழமை சென்னை என்று கிளை கிளையாகப் போய்க் கணக்குப் பார்க்கிறாய். பயணத்தில் பிழைப்பது நம் வீட்டுக்குப் புதிதில்லை. உங்கப்பன் ஸ்டீயரிங் பிடித்தான், நான் பை மாட்டினேன். இரண்டு பேரும் ஒரே டிப்போ, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். எனக்கு எழுபத்தொன்று நடக்கிறது. அவன் ஐம்பதைப் பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு மருத்துவ முகாமில் டாக்டர் ஒருவர் சொன்ன விஷயம் இது. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களை வருஷக்கணக்கில் கவனித்து 1953-ல் எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. அவர்கள் ஒரு நாளைக்கு ஏறியது ஏறக்குறைய 600 படி. நம்ம பழனி மலைக்கு 693. அந்த மாரிஸ் 99 வயது வரை இருந்தாராம். டாக்டர் பேசிவிட்டு இறங்கிப் போனார். நான் உங்கப்பனை நினைத்துக்கொண்டு அந்தப் பந்தலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ டிக்கெட் கிழிக்கப் போவதில்லை. ஆனாலும் பஸ்ஸில் கண்டக்டரைப் போல இரு. எங்கே நின்றாலும் இறங்கி நட. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வே சொல்லியிருக்கிறது. இருக்கையில் இருந்தபடியே குதிகாலை உயர்த்தி இறக்கு. லாட்ஜில் லிஃப்ட் வேண்டாம். ரயில் இருக்கிற ஊருக்கு ரயிலிலேயே போ, எழுந்து நடக்கலாம், கழிப்பறையும் உண்டு.

கழிப்பறை என்றதும் நினைவு வருகிறது. பெண் பிள்ளைகள் பஸ் ஏறுவதற்கு முன்னால் தண்ணீரே குடிக்காமல் வருவதை என் காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். கல்லடைப்பும் நீர்க்கடுப்பும் அப்படித்தான் வருகின்றன. நீ கேள். கண்டக்டரிடம் சத்தமாகவே சொல். பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்தச் சொல். நிறுத்துவார்கள். நான் நிறுத்தியிருக்கிறேன்.

இனி சாப்பாடு. அந்த நெடுஞ்சாலை ஹோட்டலை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். பேர் வேண்டாம், உனக்கே தெரியும். ராத்திரி பதினொன்றரைக்கு வண்டி உள்ளே திரும்பும். பயணிகளுக்கு வாசலில் காசு, டிரைவருக்கு உள்ளறையில் ஓசி. வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும், அதுதான் அந்தச் சோற்றுக்கு விலை. எண்ணெயில் ஊறிய மைதாவை வீசி அடித்து நாலு பரோட்டா, மேலே மிதக்க மிதக்கச் சால்னா, ஆம்லெட். தின்ற கையோடு உங்கப்பன் விடியும்வரை எஞ்சின் சூட்டில் உட்கார்ந்திருப்பான். வருஷம் பூராவும். பெரியம்மா கட்டிக் கொடுத்த டிபன் டிப்போ அலமாரியில் ஊசிப்போய்க் கிடக்கும். "ஓசியில் சூடாகக் கிடைக்கும்போது ஆறின இட்லி எதுக்கண்ணா" என்பான். தவிடும் முளையும் நீக்கிய மாவு, உப்பு, கொழுப்பு, அதுவும் உடம்பு உறங்க வேண்டிய நேரத்தில். எந்த உடம்பு தாங்கும்? நீயும் ராத்திரி பஸ்ஸில் அங்கேதான் இறங்குகிறாய் என்று அம்மா சொன்னாள்.

கட்டிக்கொண்டு போ கண்ணு. இட்லியை நன்றாக ஆறவிட்டு, பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் மடித்துக் கட்டினால் ராத்திரிக்குக் கெடாது. தேங்காய்ச் சட்னி மட்டும் கூடாது. இட்லியைக் குறைத்து, அவித்த கொண்டைக்கடலையைக் கூட வைத்துக்கொள். ஏழரை மணிக்குள் சாப்பிட்டுவிட்டு ஏறு. கட்ட முடியாத நாளில் அவித்த முட்டை, வறுத்த நிலக்கடலை, தோல் உரித்துத் தின்கிற பழம் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆயக்குடிக் கொய்யா பெட்டியோடு அனுப்புகிறேன். மலைப்பழம் ஒன்றோடு நிறுத்து. பஞ்சாமிர்தம் பிரசாதமாக ஒரு விரல் போதும், டப்பாவோடு உட்காராதே.

கோயம்புத்தூர் ஆபீஸில் இருந்தபடியே பார்க்கிற வேலைக்கு உன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்றும் அம்மா சொன்னாள். எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அங்கே இருந்தால் வேளைக்குச் சோறு, ராத்திரித் தூக்கம், சனிக்கிழமை ரயிலேறினால் பழனியில் இறங்கிவிடலாம். காலையில் மலையேறலாம். வெளியூர் வேலையில் பயணப்படி கூடக் கிடைக்கிறது என்கிறாய். உங்கப்பனும் நைட் டூட்டிக்குப் படி கூட என்றுதான் சொன்னான். நன்றாக யோசித்து நீயே முடிவு செய்.

அதட்டுகிறேன் என்று நினைக்காதே. நம் வீட்டில் முதலில் படித்துச் சம்பாதித்த பெண் நீ. தனியாக ஊர் ஊராகப் போய் நாலு பேர் மதிக்க வேலை பார்க்கிறாய். டீக்கடையில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். ஒரு நாள் பரோட்டா தின்றால் ஒன்றும் ஆகிவிடாது. ஆசையாக இருந்தால் ஊருக்கு வா, பெரியப்பாவே கூட்டிப்போகிறேன், பகலில். பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டு வா. உனக்குப் பிடித்த கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் செய்துவைப்பதாகப் பெரியம்மா சொல்கிறாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பார். ரிப்போர்ட்டை அம்மாவிடம் காட்டுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு.

உன்,
பெரியப்பா