ஸ்வீடன் முட்டைக்கோஸ் கொத்துக்கறி அடுக்கு

ஸ்வீடனில் ‘கோல்புடிங்’ வயிறு நிறையச் சாப்பிடும் வீட்டுச் சமையல். நான்கு பேருக்கு 1 கிலோ முட்டைக்கோஸ், அரை கிலோ மாட்டுக் கொத்துக்கறி போதும்.

ருசி முழுக்க முட்டைக்கோஸை வதக்குவதில்தான் இருக்கிறது. அங்கே அவசரம் வேண்டாம். நடுத்தண்டை நீக்கி, பெரிய துண்டுகளாக நறுக்குங்கள். அகலமான வாணலியில் வெண்ணெய் விட்டு, இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வதக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துவிடும், சிவக்காது. ஓரங்கள் பொன்னிறமானதும் 2 மேசைக்கரண்டி கருநிற சிரப், உப்பு சேர்த்துப் புரட்டுங்கள். சிரப்புக்குப் பதில் வெல்லப்பாகும் நன்றாகவே பொருந்தும். அந்த இனிப்பும் லேசான கருகலும் சேர்ந்தால்தான் இது கோல்புடிங்.

அரை கப் ரொட்டித்தூளை முக்கால் கப் பாலில் 10 நிமிடம் ஊறவைத்து, கறி, 1 முட்டை, பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பு, வெள்ளை மிளகுத்தூளுடன் பிசையுங்கள். ஊறிய ரொட்டித்தூள்தான் கறியை வறளவிடாது.

வெண்ணெய் தடவிய ஓவன் பாத்திரத்தில் பாதி முட்டைக்கோஸ், அதன்மேல் கறி, பிறகு மீதி முட்டைக்கோஸ். அரை கப் எலும்புச் சாறு ஊற்றி, 200 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம் வையுங்கள். கறியின் நடுவில் 71 டிகிரி இருந்தால் வெந்துவிட்டது. மேற்புறம் முன்பே கருகினால் அலுமினியத் தாளால் மூடுங்கள். சற்று ஆறவிட்டு வெட்டினால் துண்டுகள் உடையாது.

வேகவைத்த உருளைக்கிழங்கும் லிங்கன்பெர்ரி ஜாமும் துணைக்கு. கிடைக்காவிட்டால் கிரான்பெர்ரி ஜாம் போதும். புளிப்பு மட்டும் கட்டாயம் வேண்டும்.