சாலையும் ஓடையும்

ஸ்ரீவில்லிபுத்தூரும் இராசபாளையமும் விருதுநகர் மாவட்டத்தில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த அண்டை நகரங்கள். வடக்கே ஆண்டாள் கோயிலின் ஓங்கிய கோபுரம், தெற்கே நூற்பாலைகள். மேற்கில் மலைத்தொடர் அரண்போல் நிற்கின்றது; கிழக்கில் கரிசல் நிலம் பரந்து கிடக்கின்றது. மலையிற் பெய்த மழைநீர் கிழக்கு நோக்கி ஓடும். மக்கள் வழங்கும் சாலையோ வடக்குத் தெற்காகச் செல்லும்.

இந்நிலத்தை ஓர் ஆட்டப் பலகையாகக் கருதுக. ஒருவன் வெள்ளைக் காய்களை வைத்து இரு நகரங்களையும் சாலையால் இணைக்க வேண்டும். மற்றவன் கருங்காய்களை வைத்து மலையிலிருந்து கரிசல் வரை ஓடை வெட்ட வேண்டும். முறைக்கு ஒரு காய். வைத்த காயை நகர்த்தலும் எடுத்தலும் கூடா. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகள் 15 ஆடுகளை வெட்ட முயலும். இங்கு வெட்டுதல் இல்லை. பாலமும் இல்லை. ஆதலின் ஓடை ஓடினால் சாலை அறுபடும். சாலை முடிந்தால் ஓடை மறிபடும்.

விதி எளிதாகவே தோன்றுகிறது. ஆயினும், பலகையைச் சதுரக் கட்டங்களால் வகுத்தவுடன் இடர் தோன்றுகின்றது. சதுரப் பலகையில் ஒரு புள்ளியில் நான்கு கட்டங்கள் கூடும். அவற்றுள் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வெள்ளையும், மற்றை மூலைகளில் இரண்டு கறுப்பும் அமர்ந்தன எனக் கொள்வோம். மூலையில் தொடுதல் இணைப்பன்று என்றால், இருவர் வழியும் அடைபட்டு ஆட்டம் முடிவின்றி நிற்கும். இணைப்பே என்றால், சாலையும் ஓடையும் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும், இருவரும் வென்றவராவர்! விதியை எப்பக்கம் திருப்பினும் குறை நீங்கவில்லை.

குறை விதியில் இல்லை. கட்டத்தின் வடிவில் இருந்தது. தேனடைபோல் அறுகோணக் கட்டங்களை அமைத்தால் ஒரு புள்ளியில் மூன்று கட்டங்களே கூடும். இரு நிறக் காய்களால் அவை நிரம்பும்போது, மூன்றில் இரண்டேனும் ஒரு நிறமாதல் உறுதி. அவ்விரண்டும் பக்கத்தோடு பக்கம் பொருந்தியே நிற்கும். மூலைச் சிக்கலுக்கு அங்கே இடமில்லை. பலகை முழுதும் நிரம்பினும் ஒருவர் வழி முடிந்தே தீரும். இருவர் வழியும் முடிதல் இயலாது.

இவ்வாட்டத்தை டென்மார்க் நாட்டுப் பீட் ஹைன் என்பார் 1942ஆம் ஆண்டு இறுதியில் ஒரு நாளிதழ் வாயிலாக வெளியிட்டார். பக்கத்துக்கு 11 கட்டங்களாக 121 கட்டங்கள் கொண்டது அவர் பலகை. அமெரிக்காவில் மாணவராயிருந்த ஜான் நாஷ் 1948இல் தாமாகவே இதனைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் இவர் நோபல் பரிசு பெற்ற அறிஞர். இன்று இவ்வாட்டம் ஹெக்ஸ் என வழங்குகின்றது.

நாஷ் மற்றொன்றையும் மெய்ப்பித்தார். இரண்டாமவனுக்குத் தவறாத வெற்றிவழி ஒன்று உண்டெனக் கொள்க. முதல்வன் எங்கேனும் ஒரு காயை வைத்துவிட்டு, அவ்வழியைத் தானே பின்பற்றலாமன்றோ? மிகுதியான ஒரு காய் இவ்வாட்டத்தில் எவர்க்கும் தீங்கு செய்யாது. அங்ஙனமாயின் இருவரும் வெல்ல வேண்டும், அஃது இயலாது. எனவே வெற்றிவழி முதல்வனுக்கே உரியது. ஆனால் அவ்வழி யாது என்பதை இம்மெய்ப்பு ஒரு சொல்லாலும் உரைக்கவில்லை! வியப்பு அதுவே.

வெற்றிவழி முதல்வனுக்கே உரியதாயின், இரண்டாமவன் ஆட அமர்வது எற்றுக்கு? இவ்வநீதியை நீக்க ஆட்டம் வகுப்போர் ஒரு விதியைச் சேர்த்தனர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை இரு சிறுவர் பங்கிடும்போது, ஒருவன் வெட்ட, மற்றவன் தனக்கு வேண்டிய பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறான். வெட்டுபவன் கை தானே நடுவுநிலைமை கொள்ளும். அவ்வாறே, முதல்வன் முதற்காயை வைத்தபின், இரண்டாமவன் விரும்பினால் அக்காயோடு அப்பக்கத்தையே தனதாக்கிக்கொள்ளலாம். இப்போது பலகையின் நடுவில் முதற்காயை வைப்பவன் வெற்றியை எதிரியின் கையில் கொடுத்தவனாவான். பயனற்ற மூலையில் வைப்பவனோ அக்காயோடு தானே நிற்க நேரும். ஆகவே அவன் கை, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே, எவர்க்கும் மிகாத ஒரு கட்டத்தைத் தேடி நெடுநேரம் தயங்குகின்றது.